பொங்கல் லீவு நாலு நாளும் தீம் பார்க்கா? வீட்டில் சண்டை, நீங்களாவது சொல்லுங்கள்

நேதாஜி நகர் அப்பா:
வணக்கம். இந்த முறை பொங்கல் வியாழக்கிழமை வருகிறது, ஞாயிறு வரை நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு. ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல எங்களுக்கு ஊரே கிடையாது, தாத்தா காலத்திலிருந்து வடசென்னையில் தண்டையார்பேட்டைதான். அதனால் நாலு நாளும் பிள்ளைகளை ஒவ்வொரு தீம் பார்க்காகக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். வியாழன் பொங்கல் வைத்துவிட்டு மதியத்துக்கு மேல் வி.ஜி.பி., வெள்ளி திருப்போரூர் பக்கம் புதிதாக வந்திருக்கும் வொண்டர்லா, சனி எம்.ஜி.எம்., ஞாயிறு பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட். ஆட்கள்: நான், மனைவி, அம்மா (67 வயது, முட்டி வலி), ஒன்பதாவது படிக்கும் பெண், ஏழு வயதுப் பையன். முப்பதாயிரம் எடுத்து வைத்திருக்கிறேன். மச்சானோ, "காசைத் தண்ணியில் கொட்டணும்னா காசிமேட்டுக் கடல் பக்கத்திலேயே இருக்கே, எதுக்கு மாமா அவ்வளவு தூரம்" என்கிறான். சரியா தப்பா, சொல்லுங்கள்.

கல்மண்டபம் அக்கா:
தப்பு. போன மே லீவில் நாங்கள் மூன்று நாளில் மூன்று பார்க் போனோம், பெயர் வேண்டாம். முதல் நாளே கேட்டில் பையைத் திறக்கச் சொல்லி, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கிளறிய புளிசாதத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். தூக்கிப் போட மனசு வருமா? கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பத்தரை மணிக்கே ஐந்து பேரும் சாப்பிட்டோம், பசியே இல்லாமல். உள்ளே போனால் பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, நைலான் காஸ்ட்யூம் வேண்டும் என்று நாலு பேருக்கு அங்கேயே வாங்கியது தனிக் கதை. அதற்கப்புறம் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏழு மணி நேரம். ஐந்து ஜோடிச் செருப்பு, மூன்று போன், மாமியாரின் கண்ணாடி, ஈரத் துண்டுகள், என் வீட்டுக்காரரின் பர்ஸ். அன்றைக்கு என் மடிதான் லாக்கர். நீங்கள் போட்டிருக்கும் பட்டியலைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது நாலு பார்க் இல்லை தம்பி, நாலு பெஞ்சு. அதில் யார் உட்காரப் போவது, உங்கள் அம்மாவா மனைவியா?

காசிமேட்டுக்காரன்:
அக்கா, வாடகைக்கு லாக்கர் எடுக்காமல் கஞ்சத்தனம் பண்ணியது உங்கள் வீட்டுக்காரர். அந்தக் கணக்கை ஏன் இந்த மனிதர் தலையில் எழுதுகிறீர்கள்? எனக்கு வேறு கோபம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் இரண்டு, பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் ஒன்று, பூந்தமல்லி பக்கம் ஒன்று, அந்தக் காலத்துக் கிஷ்கிந்தாவைக் கேட்டால் அது தாம்பரம். நம் பக்கம் என்ன கொடுத்தார்கள்? எண்ணூர் புகைபோக்கி, மணலி ரிஃபைனரி, எந்நேரமும் கண்டெய்னர் லாரி வரிசை. நம் பிள்ளைகள் ஒரு வாட்டர் ஸ்லைடு பார்க்க ஊரையே குறுக்கே கடக்க வேண்டும், அதற்கும் "வீண் செலவு" என்று நாமே சொல்லிக்கொண்டால் எப்படி? அப்புறம் ஒன்று, கடற்கரைக்குப் போங்கள், அது இலவசம் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். எங்கள் வீட்டுக்குக் கடல் ஆபீஸ். லீவு நாளில் யாராவது ஆபீசுக்குப் போவார்களா? நேதாஜி நகர் அண்ணா, தாராளமாகப் போங்கள், நாலு நாளும் போங்கள்.

தேரடி வாத்தியார்:
நானும் திருவொற்றியூர்க்காரன்தான், காசிமேட்டுத் தம்பியின் ஆதங்கம் நியாயம். ஆனால் வைத்தியம் தவறு. நம் ஆட்களுக்குப் பொங்கல் என்றால் தீவுத்திடல் பொருட்காட்சி. என் அப்பா என்னைத் தோளில் வைத்துக் கூட்டிப்போனார், நான் என் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். முகத்தை மறைக்கும் அளவு டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, அரசுத் துறை அரங்குகளில் பொம்மை அணைக்கட்டு, கடைசியாக ராட்டினம். கிழவிக்கும் வேலை உண்டு, குழந்தைக்கும் வேலை உண்டு, கால் வலித்தால் புல்லில் உட்கார்ந்துகொள்ளலாம். தீம் பார்க்கில் என்ன இருக்கிறது? வரிசை. ஒரு லீவு நாளில் வாட்சைப் பார்த்துக் கணக்கெடுத்தேன்: ஐம்பத்திரண்டு நிமிஷம் நின்றோம், ரைடு ஒன்றரை நிமிஷம். ரேஷன் கடையில்கூட நின்ற நேரத்துக்குப் பத்துக் கிலோ அரிசியாவது வரும்.

கிரேன் ஆப்பரேட்டர்:
வாத்தியார் சார், தீவுத்திடல் எனக்கும் பிடிக்கும். ஆனால் துறைமுகத்தில் இருபது வருஷமாக இரும்போடு பழகியவன் என்பதால் சொல்கிறேன், பொருட்காட்சி ராட்டினம் ஊர் ஊராகக் கழற்றி மாட்டுவது, நான் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தொட்டியிலும் இரும்புப் பின் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன், என் மனைவிக்கு மானம் போகும். நிலையாக நட்டுவைத்த ரோலர் கோஸ்டர் வேறு ஜாதி. அதில் பெரும்பாலானவற்றுக்கு வண்டியில் எஞ்சினே கிடையாது, முதல் மேட்டின் உச்சி வரைக்கும் சங்கிலி இழுத்துக்கொண்டு போகும், அதற்கப்புறம் முழுக்க நம் எடைதான் ஓட்டுகிறது. உராய்வில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் போவதால்தான் அடுத்தடுத்த மேடுகள் முதல் மேட்டைவிடக் குட்டையாக இருக்கும், பாருங்கள். சக்கரமும் தண்டவாளத்தின் மேலே மட்டும் இல்லை, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று. அதனால் தலைகீழாகப் போனாலும் கழன்று வராது. வொண்டர்லாவில் வைத்திருக்கும் தஞ்சோரா அதிலும் இன்னொரு வகை. தண்டவாளம் தலைக்கு மேலே, நாம் கீழே கால் தொங்கத் தொங்க. சுவிட்சர்லாந்து கம்பெனி செய்தது, அந்தக் கம்பெனியின் கோஸ்டர் இந்தியாவுக்கு வந்தது இதுதான் முதல்.

இதெல்லாம் சரி, நேதாஜி நகர் சார், உங்கள் பையனின் உயரம் என்ன? வயதைச் சொன்னீர்கள், அது அங்கே செல்லாது. ஒவ்வொரு ரைடு வாசலிலும் ஒரு அளவுக் கம்பு நிற்கும். 120 சென்டிமீட்டர் என்பான், 140 என்பான், ரைடுக்கு ரைடு மாறும். கம்புக்குக் கீழே தலை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவான், அழுதாலும் விடமாட்டான், விடவும் கூடாது. மடியை அழுத்தும் கம்பியும் தோள்பட்டைக் கவசமும் ஒரு உடம்பு அளவுக்குச் செய்தவை, சின்ன உடம்பு அதில் வழுக்கிவிடும். என் பையன் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, எங்கள் முறை வந்ததும் இரண்டு விரல்கடை குறைந்து திரும்பினான். அன்று முழுக்க அவன் எங்களோடு பேசவில்லை. வீட்டிலேயே அளந்துவிட்டுப் போங்கள்.

பழைய வண்ணை, இப்போது டாம்பா:
வேலைக்கு வந்து அமெரிக்காவின் டாம்பாவில் குடியிருக்கிறேன், ஆர்லாண்டோ ஒன்றரை மணி நேர டிரைவ். ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னி வேர்ல்ட் கூட்டிப்போக வேண்டியது என் தலையெழுத்து, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். 1971இல் திறந்தது. உள்ளே நாலு பெரிய பார்க், இரண்டு வாட்டர் பார்க், மொத்த இடம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். 2011க்கு முந்தைய சென்னை மாநகராட்சியே 174 சதுர கிலோமீட்டர்தான், அளவு புரிகிறதா. இங்குள்ள குடும்பங்கள் அங்கேயே ஒரு வாரம் ரூம் போட்டுத் தங்கும். அவர்கள்கூட நடுவில் ஒரு நாள் சும்மா படுத்துக் கிடப்பார்கள், தொடர்ந்து நாலு நாள் போகிறவர்களை மூன்றாவது நாள் பஸ்ஸில் பார்க்க வேண்டும், அப்பா ஒரு பக்கம் தூங்குவார், பிள்ளை ஒரு பக்கம் கத்தும்.

அக்காவின் பெஞ்சைப் பற்றி ஒன்று. இந்த தீம் பார்க் என்ற யோசனை வந்ததே ஒரு பெஞ்சில்தான் என்று வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பூங்காவில் அவருடைய இரண்டு பெண்களும் குதிரை ராட்டினம் சுற்ற, இவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்தபடி, பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகிற மாதிரி ஓரிடம் வேண்டும் என்று நினைத்தாராம். 1955 ஜூலையில் டிஸ்னிலேண்டைத் திறந்த அன்றே கள்ள டிக்கெட்டில் கூட்டம் புகுந்து, வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் ஹை ஹீல்ஸ் புதைந்தது வேறு விஷயம்.

கல்மண்டபம் அக்கா:
எழுபது வருஷம் ஆகிவிட்டது, அவர் எழுந்து போய்விட்டார், பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பார்த்தீர்களா காசிமேட்டுத் தம்பி, லாக்கர் இருந்தால் போதுமா? முட்டி வலிக்காரர் எந்த ரைடில் ஏறுவார்? இன்னொன்றும் கேட்க வேண்டும், ஆண்கள் யாரும் கேட்கவில்லை. ஒன்பதாவது படிக்கும் பெண்ணிடம் தேதியைக் கேட்டீர்களா? நாலு நாளில் மூன்று தண்ணீர்ப் பார்க் என்று நீங்கள் பாட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளை அப்பாவிடம் வாயைத் திறந்து சொல்ல முடியாமல் என் பக்கத்தில் வந்து உட்காரும். எங்கள் வீட்டில் நடந்தது அது.

மின்ட் ஸ்ட்ரீட் பிளஸ் டூ:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அண்ணா, அந்தப் பொண்ணிடம் முதலில் கேளுங்கள், அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு பார்க்காக இருக்கலாம், அங்கே இரண்டு நாள் போகலாம் என்பாள். எங்களுக்கெல்லாம் பொதுத்தேர்வு முடிந்ததும் ஹால் டிக்கெட்டைக் காட்டினால் தள்ளுபடி கொடுக்கிறார்கள், நான் அதற்காகத்தான் படிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

காசிமேட்டுக்காரன்:
பெண்பிள்ளை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாத்தியாரை விடமாட்டேன். வரிசை வரிசை என்கிறீர்களே சார், திருவொற்றியூரில் மாசி மகத்துக்கு நாம் நிற்காத வரிசையா? கூட்டத்தில் நிற்பதும் ஒரு சந்தோஷம்தான், என் பெண் அந்த வரிசையில்தான் பின்னால் நின்ற பொண்ணோடு சிநேகிதம் ஆனாள், இன்னமும் போனில் பேசுகிறாள். செலவைப் பேசுகிறவர்கள் பொங்கலுக்கு ஆம்னி பஸ்ஸில் ஊருக்குப் போய்வரும் செலவையும் எழுதுங்கள். ஊர் இருப்பவர்கள் அதைச் செலவு என்று சொல்வதே இல்லை, ஊர் இல்லாதவன் பிள்ளையைப் பார்க்குக்குக் கூட்டிப்போனால் மட்டும் ஊதாரி.

தேரடி வாத்தியார்:
மாசி மகத்தில் வரிசை முடிவில் அம்மன் இருக்கிறாள் தம்பி. சரி, ஊர் விஷயத்தில் நீ சொல்வது சுருக்கென்றுதான் இருக்கிறது, எனக்கும் ஊர் கிடையாது. ஆனால் நேதாஜி நகர்க்காரரே, தூரத்தை எண்ணிப் பார்த்தீர்களா? தண்டையார்பேட்டையிலிருந்து திருப்போரூர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மெட்ரோ நம் பக்கம் 2021இல் வந்துவிட்டது, அதில் ஏறினால் ஏர்போர்ட் வரை அலுங்காமல் போகலாம், அதற்கப்புறம் திரிசூலத்தில் மின்சார ரயில், வண்டலூரில் இறங்கிக் கேளம்பாக்கம் பஸ், அங்கிருந்து மறுபடி. முட்டி வலிக்காரர் படி ஏறி இறங்குவதே ஒரு ரைடு. டிக்கெட்டில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு, 2018க்கு முன்னால் 28 இருந்தது என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேல் சனிக்கிழமை காணும் பொங்கல். அன்றைக்கா ஈ.சி.ஆர்.? மகாபலிபுரம் போகிற வண்டி எல்லாம் அந்த ரோட்டில்தான் நிற்கும். மெரினாவில் குழந்தைகள் தொலைந்துபோகாமல் இருக்கக் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்களே, அந்த நாள்.

கிரேன் ஆப்பரேட்டர்:
சனிக்கிழமை விஷயத்தில் வாத்தியார் கட்சி. அன்று எம்.ஜி.எம். வேண்டாம், வண்டலூர் ஜூவும் வேண்டாம், வீட்டில் இருங்கள்.

காசிமேட்டுக்காரன்:
காணும் பொங்கலுக்கு ஈ.சி.ஆர். பக்கம் நானே போகமாட்டேன்.

நேதாஜி நகர் அப்பா:
எல்லோருக்கும் நன்றி, நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு இதையெல்லாம் வீட்டில் சத்தமாகப் படித்தேன். அக்கா எழுதியதில் பெண் விஷயத்தை மட்டும் மனைவியிடம் தனியாகக் காட்டினேன். அவள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "வெள்ளி வேண்டாம், ஞாயிறு போட்டுக்கோங்க" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். அதனால் ஞாயிறு வொண்டர்லா, காலையிலேயே கார் வைத்து. வெள்ளிக்கிழமை வி.ஜி.பி., மதியம் வரைக்கும்தான், வாசலில் அசையாமல் நிற்பாரே சிலை மனிதர், அவரைச் சிரிக்கவைக்கிறேன் என்று சின்ன வயதில் நான் தோற்றுப்போன கதை பையனுக்குத் தெரியும், அவன் பழிவாங்கப் போகிறானாம். குயின்ஸ்லேண்டும் எம்.ஜி.எம்.மும் மே மாதத்துக்குத் தள்ளியாயிற்று. சனிக்கிழமை தூக்கம்.

பையனைப் பீரோ கதவில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 121 வந்தது, எனக்கே ஆச்சரியம். குனிந்து பார்த்தால் குதிகால் தரையில் இல்லை. குதிகாலை அமுக்கிப் பிடித்து மறுபடி அளந்தால் 118. அவன் ரப்பரை எடுத்து இரண்டாவது கோட்டை அழித்துவிட்டான்.

அம்மாதான் பாக்கி. நான் படித்து முடித்ததும், "அந்தக் கல்மண்டபத்துப் பொண்ணு சொல்றது சரி, நான் பெஞ்சுக்கு வரல. ஞாயித்துக்கிழமை நீங்க போங்க, நானும் எதிர்வீட்டு அம்மாவும் தீவுத்திடல் போறோம், அப்பளம் தின்னு பத்து வருஷம் ஆச்சு" என்றார். முட்டியோடு எப்படிப் போவீர்கள் என்றால், ஆட்டோ எதற்கு இருக்கிறது என்கிறார். முப்பதாயிரத்தில் அவர் பங்கு இரண்டாயிரத்தையும் இப்போதே கையில் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

தேரடி வாத்தியார்:
அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

கிரேன் ஆப்பரேட்டர்:
ராட்டினத்தில் ஏறினால் பின்னைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்மண்டபம் அக்கா:
இரண்டாயிரம் போதாது, மூன்றாகக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை லாக்கர் எடுங்கள். புளிசாதம் கட்டாதீர்கள்.