வாங்கில் இருந்த பிள்ளை

குழு: வெள்ளவத்தைக் குடும்பம்

வசந்தி: எல்லோருக்கும் வணக்கம். நேற்றைய பல்கலைக்கழக ஆட்டத்தில், அணியிலேயே உயரமான எங்கள் அபிராமியை முதற்பாதி முழுவதும் பயிற்றுநர் வாங்கிலேயே இருத்தி வைத்தார். போன கிழமை விரிவுரைக்குப் போகாததுதான் காரணமாம். விரிவுரைக்கும் கூடைப்பந்துக்கும் என்ன தொடர்பு? பாலா அண்ணா, பாடசாலைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு காலம் பயிற்சி கொடுத்தவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாலா: வசந்தி, கோபப்படாமல் வாசி. அமெரிக்காவின் டெனசி பல்கலைக்கழக மகளிர் அணியை 1974 முதல் 2012 வரை நடத்திய பாட் சம்மிட், தம் வீராங்கனைகள் வகுப்பில் முதல் மூன்று வரிசைகளுக்குள் அமர வேண்டும் என்றும், காரணமின்றி வகுப்பைத் தவறவிட்டவர் ஆட்டத்தில் இறங்கக் கூடாது என்றும் விதித்திருந்தார். 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும் பெற்ற அவரிடம், மாணவியாக விளையாட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகள் முழுவதும் விளையாடிய ஒவ்வொருவரும் படிப்பை முடித்துப் பட்டதாரியானார்கள்.

கீதா: அது அமெரிக்கா, அண்ணா. அங்கே புலமைப்பரிசில் கிடைக்கிறது. இங்கே பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலையும் வீட்டிலிருந்துதான் கொண்டு போகிறார்கள்.

பாலா: அவரும் 22 வயதில் பொறுப்பெடுத்தபோது வேனைத் தாமே ஓட்டி, சீருடைகளையும் தாமே தோய்த்தவர்தான், கீதா.

வசந்தி: சரி, அண்ணா. ஆனால் உயரமான பிள்ளையை வெளியே வைத்துவிட்டு ஆறு புள்ளிகளால் தோற்பது என்ன புத்தி?

பாலா: அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழக மகளிர் அணியின் பயிற்றுநர் டோன் ஸ்டேலியை எடுத்துக்கொள். 6 அடி 7 அங்குல உயரமுள்ள பிரேசில் நாட்டுக் கமிலா கார்டோசோவைக்கூட 2022–23 பருவத்தில் அவர் பெரும்பாலும் மாற்று வீராங்கனையாகவே இறக்கினார். அந்தப் பருவத்தோடு தொடக்க ஐவரும் விலகிவிட, அடுத்த பருவத்தில் அதே கமிலாவை நடுவில் நிறுத்தி, 38 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் பட்டம் வென்றார். இறுதியாட்டத்தில் அயோவா பல்கலைக்கழக அணியை 87–75 என்று தோற்கடித்தபோது, வாங்கிலிருந்து எழுந்து வந்தவர்கள் மட்டும் 37 புள்ளிகள் எடுத்தார்கள். அயோவாவின் மாற்று வீராங்கனைகள் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. ஐந்து பேரை மட்டும் தயார்படுத்துகிறவருக்கு இது வாய்க்காது. (நானும் ஒரு காலத்தில் ஐந்து பேரை மட்டும்தான் தயார்படுத்தினேன். ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் சுளுக்கியதும் அந்த ஆண்டே முடிந்துவிட்டது.)

அபிராமி: மாமா, எங்கள் சேர் இப்போது ஆண்கள் அணியிலிருந்து நான்கு பேரைப் பயிற்சிக்குக் கூட்டி வருகிறார். பெண்களுக்கு எதிராக நான் கையைத் தூக்கினாலே பந்து கிடைத்துவிடும். அவர்களோடு அது நடக்காது. பந்து வளையத்தில் பட்டுத் திரும்புவதற்கு முன்பே முதுகைக் கொடுத்து, இடுப்பால் ஆளை மறித்து, இடத்தைப் பிடித்துவிட வேண்டும். இரண்டு முழங்கையும் கன்றிப் போயிருக்கின்றன.

பாலா: அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக மகளிர் அணியின் பயிற்றுநர் ஜீனோ ஆரியம்மாவும் ஆண் மாணவர்களை நிறுத்தித்தான் பயிற்சி கொடுக்கிறார். 111 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற அணி அவருடையது. உன்னுடைய சேருக்கு விசயம் தெரிந்திருக்கிறது.

கீதா: அப்படியென்றாலும், ஒரேயொரு விரிவுரைக்காக அரை ஆட்டம் என்பது கூடுதல்தான்.

அபிராமி: சித்தி, ஒன்று அல்ல, மூன்று. அம்மாவிடம் ஒன்று என்றுதான் சொல்லியிருந்தேன்.

வசந்தி: மூன்றா? பயிற்சி முடிந்ததும் நேரே வீட்டுக்கு வா. அண்ணா, அந்தப் பயிற்றுநரின் தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். நேற்று ஆட்டம் முடிந்ததும் அவரோடு கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன்.