மூட்டுத் தேய்மானத்தால் நடையை நிறுத்திய அப்பாவின் மனச்சோர்வு: பொருத்தமான பயிற்சி குறித்து உதவி தேவை

வணக்கம். மதுரையில் வசிக்கும் என் அப்பாவுக்கு வயது 68. பணி ஓய்வுக்குப் பிறகு நாள்தோறும் விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவந்தவர், வலது முழங்கால் தேய்மானத்தால் கடந்த தீபாவளியை ஒட்டி நடையை முற்றிலும் நிறுத்திவிட்டார். சில வாரங்களிலேயே அவர் மனநிலை மாறத் தொடங்கியது. பின்னிரவு மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. நடைத் தோழர்கள் அழைத்தால் கைப்பேசியை என்னிடம் நீட்டிவிடுகிறார்.

அறுவைச் சிகிச்சை இப்போது தேவையில்லை, ஆனால் அசைவை நிறுத்தக் கூடாது என்று எலும்பு மருத்துவர் கூறினார். மனநல மருத்துவர் மிதமான மனச்சோர்வு என்று கண்டறிந்து செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்துள்ளார். தூக்கம் ஓரளவு சீரானது, ஆர்வம் திரும்பவில்லை. 50 வயதைக் கடந்த 156 பேரிடம் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 16 வார உடற்பயிற்சி இதே மருந்துக்கு ஏறத்தாழ இணையான பலன் தந்ததாகப் படித்ததால், மருத்துவர் ஒப்புதலுடன் மருந்தை நிறுத்தாமலே பயிற்சியையும் சேர்க்க விரும்புகிறோம்.

வீட்டில் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினோம்; இருக்கையை உயர்த்தி வைத்தும் முழங்கால் வீங்கியது. நாற்காலி யோகாவில் வலி இல்லை, ஆனால் தனியாகச் செய்வதில் பிடிப்பில்லாமல் விட்டுவிட்டார். தோழமைதான் அவரை அத்தனை காலம் நடக்க வைத்தது என்று உறுதியாக நம்புகிறேன். மூட்டின் மீது சுமை குறையும் என்பதால் இயன்முறை மருத்துவர் நீர்ப்பயிற்சியைப் பரிந்துரைத்தார். நீச்சல் தெரியாத முதியவர்களைச் சேர்க்கும் குளம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முழங்கால் தேய்மானமும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கும் ஒருவர், மற்றவர்களோடு கூடிச் செய்து, மாதக்கணக்கில் விடாமல் தொடர முடிந்த பயிற்சி உங்கள் அனுபவத்தில் எது?