சூடானால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை: 1989 பத்மினி

கரூர்_பத்மினி:
வணக்கம். அப்பா காலத்து பிரீமியர் பத்மினி, பெட்ரோல், இன்னும் பாயிண்ட் செட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) இக்னிஷன்தான். காலையில் சோக் இழுத்தால் உடனே எடுத்துவிடும். வெயிலில் திண்டுக்கல் வரை போய், டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஒரு சிலிண்டர்கூட வெடிப்பதில்லை. பானெட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி புதுசு, பிளக்கும் மாற்றியாயிற்று. மெக்கானிக் வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறது என்கிறார். பம்ப் மேல் ஈரத்துணி போட்டும் பலன் இல்லை. எலக்ட்ரிக் பம்ப் போடச் சொல்கிறார், போடலாமா?

பழைய_ஃபியட்:
வேப்பர் லாக்தான். எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பாயிண்ட்_கேப்:
அவசரப்படாதீர்கள் தம்பி. சூடாகி நின்றால் எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது வேப்பர் லாக்தான், ஆனால் ஸ்பார்க்குக்கு வோல்டேஜைக் கூட்டும் காயிலும், பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கன்டென்சரும் சூட்டில் இதே மாதிரி படுத்துக்கொண்டு ஆறியதும் எழுந்துவிடும். வீட்டுக்கு வந்து ஆறிய வண்டியை எவ்வளவு நோண்டினாலும் எதுவும் தெரியாது, அடுத்த முறை நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும்.

முதலில் பெட்ரோல். ஏர் கிளீனரைக் கழற்றி, செல்ஃப் அடிக்காமல் கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிங்கேஜைக் கையால் இழுங்கள். பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது, பம்ப் மேல் பழி போட வேண்டாம். பெட்ரோல் வாடை தூக்கலாக, பிளக் நனைந்திருந்தால் அது வேறு கதை: சூட்டில் சேம்பர் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கும். அப்போது ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்தே செல்ஃப் அடிக்க வேண்டும், விட்டுவிட்டு மிதித்தால் பிளக் பெட்ரோலில் இன்னும் மூழ்கும்.

அப்புறம் கரண்ட். ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டி, சிந்திய பெட்ரோல் காய்ந்த பிறகு, காயிலின் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, ரப்பர் பிடி போட்ட கொரடால் பிளாக்கிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் பளீரென்று சத்தத்தோடு அடிக்க வேண்டும். மஞ்சளாக, மெலிந்து வந்தால் கோளாறு அங்கேதான். காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் மூடவில்லை. எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட், கன்டென்சர் ஏதோ ஒன்று எர்த் ஆகிறது.

மதுரை_கேரேஜ்:
மேலே சொன்னது சரி. இன்னொன்று, எஞ்சின் ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு ஆகாது. மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும், ஸ்டார்ட்டிங் பிரச்சினையைவிட அது மோசம்.

கரூர்_பத்மினி:
நேற்று மறுபடி நின்றது, இந்த முறை டூல்ஸோடு போயிருந்தேன். பெட்ரோல் நன்றாகப் பீய்ச்சுகிறது. லாம்ப் விட்டுவிட்டு எரிகிறது. ஸ்பார்க் மட்டும் மஞ்சள், அதுவும் நூல் மாதிரி. காயிலைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆயிலில் பெட்ரோல் வாடை இல்லை.

பாயிண்ட்_கேப்:
அப்படியானால் எலக்ட்ரிக் பம்பை மறந்துவிடுங்கள். விலை குறைவு என்பதால் கன்டென்சரிலிருந்து ஆரம்பிக்கலாம். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கன்டென்சர் மேல் சந்தேகம் இன்னும் கூடும். அதன் பிறகும் நின்றால் அதே ஈரத்துணியைக் காயிலின் உடம்பில் மட்டும் சுற்றுங்கள், நடு வயர் பக்கம் ஈரம் படக்கூடாது. ஐந்து பத்து நிமிடத்தில் எடுத்தால் காயில்தான்.

கரூர்_பத்மினி:
பாயிண்ட் கருகித்தான் இருந்தது. கன்டென்சர் மாற்றியதும் ஸ்பார்க் நீலமானது, ஆனால் கொஞ்ச தூரம் ஓடியதும் பழையபடி நின்றது. துணி சுற்றினேன், எடுத்துவிட்டது! காயில் மாற்றிய பிறகு வெயிலிலேயே நிறுத்தி நிறுத்தி எடுக்கிறேன், முதல் சுற்றிலேயே பிடிக்கிறது. பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதுமா?

மதுரை_கேரேஜ்:
குழி விழுந்ததைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை, புதிதாகவே போடுங்கள். பாயிண்ட் திறக்கும் இடைவெளியை (கேப்) 0.45 மில்லிமீட்டர் சுமாருக்கு வையுங்கள். கேப் மாறினால் ஸ்பார்க் அடிக்கும் டைமிங்கும் மாறும், அதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.