மதுரைக்கு அனுப்பினால்தான் ஆச்சா?

பள்ளத்தூர் அம்மா:
நேற்று வளவுவீட்டார் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "செட்டிநாட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி என்பது பெயருக்குத்தான். விவரம் தெரிந்தவர்கள் பிள்ளையை மதுரையில் சேர்ப்பார்கள். ஒன்றரை மணி நேரம்தானே, தினமும் போய்வரலாம்" என்கிறார். உங்கள் பஸ்ஸுக்கு இறக்கை முளைத்திருக்கிறதா அண்ணே? ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்கிற பிள்ளையை ஒருநாள் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

வளவுவீட்டார்:
ஒன்றரை மணி நேரம் என்றேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். காரைக்குடியில் ஏறினால் திருப்பத்தூர், மேலூர், மாட்டுத்தாவணி. அவ்வளவுதான். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் அப்படித்தான் போய்ப் படித்தான், இன்றைக்கு ஜம்மென்று இருக்கிறான். மனமிருந்தால் போகலாம்.

ராயவரம் வாத்தியார்:
முதலில் பிள்ளைக்கு என்ன குறைபாடு என்று சொல்லுங்கள். காது கேளாதவர்களுக்கான பள்ளி வேறு, அறிவுசார் குறைபாட்டுக்கான பள்ளி வேறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது. ஊரைவிட முக்கியம், ஆசிரியருக்கு, சிறப்பு ஆசிரியர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா, அவர் எந்தக் குறைபாட்டுக்குப் பயிற்சி பெற்றவர் என்பது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சிறப்புக் கல்விக்கு ஒரு துறை இருக்கிறது. படித்தவர்களே இங்கே இல்லை என்பது போலப் பேசுவது சரியில்லை.

வளவுவீட்டார்:
வாத்தியாரே, பாடம் நடத்தாதீர்கள். பேச்சு நேரத்தைப் பற்றி. அதோடு ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம். சிவகங்கை மாவட்டத்து விவகாரம் உங்களுக்கு எதற்கு?

ராயவரம் வாத்தியார்:
மாவட்டத்தைப் பிரித்தது சர்க்கார். செட்டிநாட்டை யாரும் பிரிக்கவில்லை.

ரஸ்தா பையன்:
ஒன்றரை மணியா? நடுராத்திரியில் காரில் போனால் ஆகலாம். காலை பஸ்ஸில் மேலூர் தாண்டுவதற்குள் தூங்கி எழுந்து மறுபடி தூங்கிவிடலாம் 😂

பள்ளத்தூர் அம்மா:
அப்படிச் சொல்லுங்கள் தம்பி. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வருகிற நேரத்தையும் அண்ணன் கணக்கில் சேர்க்கவே இல்லை. இன்னொன்று, அதே சட்டத்தில் பிரிவு 31 என்று ஒன்று உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, நாம் விரும்புவதில் இலவசமாகப் படிக்கலாம். நான் பக்கத்துப் பள்ளியைத்தான் விரும்பினேன். வட்டார வள மையத்துச் சிறப்பு டீச்சர் பள்ளிக்கே வந்து பார்க்கிறார். அவர் வராத நாளில் என் மகன் கடைசி பெஞ்சில் ஸ்லேட்டைச் சுரண்டிக்கொண்டு இருப்பான், அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் மத்தியானம் பக்கத்துப் பையன் இவன் டப்பாவைத் திறந்துகொடுக்கிறான். அது மதுரை விடுதியில் கிடைக்குமா?

வளவுவீட்டார்:
விடுதி என்று நான் சொல்லவே இல்லை. தினமும் போய்வரலாம் என்றேன். ஒன்றரை மணி நேரம். இலவசம் என்றால் எல்லோருக்கும் இனிக்கத்தான் செய்யும். போன வருஷம் திருவிழா வரி விஷயத்திலும் நீங்கள் இதே ராகம்தான் பாடினீர்கள், மறந்துவிடவில்லை.

பள்ளத்தூர் அம்மா:
வரியை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் கணக்குக் கேட்டேன், பதில் வரவில்லை. இன்றைக்கும் அதே கதை. உங்கள் வீட்டு முகப்பில் பர்மா தேக்குத் தூண் இருந்துவிட்டால் போதுமா? வேன் வாடகைக்குக் கம்மலை அடகு வைக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் யோசனை சொல்கிறீர்கள்.

வளவுவீட்டார்:
எங்கள் தூணைப் பற்றிப் பேச இங்கே யாருக்கும் தகுதி இல்லை. நாளைக் காலையில் நானே பஸ் ஏறி, டிக்கெட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

ரஸ்தா பையன்:
டிக்கெட்டில் ஏறின நேரம்தானே இருக்கும் அண்ணே. இறங்கின நேரத்தை யார் எழுதித் தருவார்?

புதிய உறுப்பினர்:
வணக்கம். என் மகளுக்கு நாலு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. புதுவயல் பக்கம் இருக்கிறோம். முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

வளவுவீட்டார்:
அம்மா, நடுவில் புகுந்து பேச்சை மாற்றாதீர்கள். கண்டக்டர் என்று ஒருவர் இருக்கிறார் தம்பி, அவரிடம் எழுதி வாங்குவேன். ஒன்றரை மணி நேரம்தான்.