மறு: உள்ளே வளர்த்த நாற்றின் ஒளிநேரம் – ‘பகலிசைவு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எல்இடி விளக்கின்கீழ் வளர்த்த நாற்றை வெளியே மாற்றும்போது அதன் ஒளிநேரத்தை, அதாவது நாளுக்கு ஒளி கிடைக்கும் மணிநேரத்தை, ஒழுங்குசெய்வதற்குத் தமிழ்ச்சொல் தேடிவருகிறோம். அதற்கு முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட ‘ஒளிக்குறைப்பு’ எனக்கு உவப்பாக இல்லை. நாளுக்கு 16 மணி நேரம் விளக்கில் இருந்த நாற்று மொட்டை மாடிக்கு வரும்போது மணிநேரம்தான் குறைகிறது. ஒளியின் செறிவோ நண்பகலில் பல மடங்கு கூடிவிடுகிறது. சொல்லை நம்பி நிழல்வலை விரிப்பவர் இலை கருகாமல் காப்பாரே தவிர, மணிநேரம் குறைவதால் மொட்டு முந்துவதைத் தடுக்கமாட்டார். இலையை வெயிலுக்குப் பழக்குவது, நாற்றங்கால்காரர்கள் ‘ஹார்டனிங்’ என்னும் வேறு வேலை.

விளக்கு நேரத்தைப் படிப்படியாகக் குறைப்பதைச் சொல்லும் ‘படியிறக்கம்’ என்ற சொல் காதுக்கு இனியது. ஆனால் தவறான செய்முறையைக் கற்பிக்கும். செண்டுமல்லி குறும்பகலில் விரைந்து பூப்பது. நவம்பர் நடுவில் சென்னையின் பகல் ஏறக்குறைய 11½ மணி நேரமே என்பதால், விளக்கை நாளுக்கு அரை மணியாகக் குறைத்தாலும் ஒரேயடியாகக் குறைத்தாலும், இளங்கன்று சாண் உயரத்திலேயே மொட்டுக் கட்டிவிடும். கன்று பருக்கும்வரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும், அல்லது சாமந்தி பயிரிடுவோர் பசுமைக்குடிலில் செய்வதுபோல இரவில் விளக்கிட வேண்டும். வெங்காயம் இதற்கு நேர்மாறு: நீண்ட ஒளியில் நாற்றாக இருக்கும்போதே அடி பருக்கத் தொடங்குமாதலால், முதல் நாளிலிருந்தே ஊர்ப் பகலின் அளவு போதும், அங்கே இறக்குவதற்கு எதுவுமில்லை. தக்காளிக்கு இந்தக் கவலையே பெரும்பாலும் இல்லை.

ஆகவே பயிரின் இயல்பு, கன்றின் பருவம், வெளியே வைக்கும் தேதியின் பகலளவு ஆகிய மூன்றையும் பார்த்து ஒளிநேரத்தை அமைப்பதற்குப் ‘பகலிசைவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். செடி அளப்பது இரவைத்தானே என்று கேட்கலாம். தாவரவியலாளர்கள் ஹாம்னரும் பானரும் 1938இல், குறும்பகலில் பூக்கும் களைச்செடியான மருளூமத்தையில் காட்டியது அதுவே: நீண்ட இருளின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலே பூப்பு நின்றது. எனினும் டைமரில் நாம் திருகுவது விளக்கு எரியும் மணிநேரத்தை; ‘இரவிசைவு’ என்று பெயரிட்டால் பயன்படுத்துபவர் ஒவ்வொரு முறையும் 24இலிருந்து கழித்துக்கொண்டிருக்க நேரும்.

வினைவடிவம் ‘பகலிசைவித்தல்’ என்றே இருக்கட்டும். ‘பகலிசைத்தல்’ என்று சுருக்கினால் கச்சேரி நினைவுக்கு வருகிறது. ‘இசைவு’ அலுவலக வழக்கில் அனுமதியையும் குறிக்கும் என்றாலும், ‘பகல்’ முன்னே நிற்பதால் மயக்கம் நேராது என்பது என் கருத்து. ‘பகலிசைவித்த நாற்று’ என்பது விதைத்தட்டின் சீட்டுக்கு நீளமாகத் தோன்றினால், சுருக்கமான வடிவம் ஒன்றை முன்மொழியுங்கள்.