ஸ்பார்க் பிளக்குக்குப் 'பொறித்திருகி', அதன் ஒயருக்குப் 'பொறிவடம்'

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

பெட்ரோல் என்ஜினுக்குள் தீப்பொறி போட்டு எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயருக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில், கிருஷ்ணகிரி நண்பர் முந்தாநாள் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்.

> 'தீப்பொறிச் செருகி' என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இன்னொன்று எதற்கு?

நியாயமான கேள்வி. தருமபுரியில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகப் பழைய கார் பராமரிப்புக் குறிப்பேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் நானும் முதலில் 'தீப்பொறிச் செருகி' என்றுதான் போட்டிருந்தேன். மூன்றாம் பக்கம் போனதும் அந்தச் சொல் காலை வாரிவிட்டது. ஏன் என்று சொல்ல, என் வண்டிக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, மூன்று சிலிண்டர். ஒரு மழைநாள் இரவு சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மிஸ் அடிக்க, அதாவது இடையிடையே பெட்ரோல் எரியாமல் தப்ப, ஆரம்பித்தது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும். ஆக்சிலேட்டரை அழுத்தி ஏற்றம் பிடித்தால் மட்டும் குலுங்கும். மறுநாள் ஒரு பட்டறையில் விட்டேன். "பிளக் போயிருக்குங்க சார்" என்று மாற்றிக் கொடுத்தார்கள். பத்து நாளில் மறுபடி மழை, மறுபடி அதே குலுக்கல். மறுபடி "பிளக்"தான் என்றார்கள், மறுபடி மாற்றினார்கள். இரண்டு ரசீதிலும் 'பிளக் செட்' என்றுதான் எழுதியிருந்தது. அந்தச் செட்டில் ஒயரும் சேர்த்தி என்று நான் நினைத்துக்கொண்டேன். பிளக் மட்டும்தான் என்பது அவர்கள் கணக்கு. ஒயரை யாரும் தொடவே இல்லை.

மூன்றாம் முறை அதியமான்கோட்டை அருகே வண்டி நின்றே போனது. பக்கத்தில் சிறிய பட்டறை வைத்திருந்த ஒரு வயதான மெக்கானிக் வந்து பார்த்தார். பேனட்டைத் திறந்தார், டார்ச்சை அணைக்கச் சொன்னார். என்ஜினை ஓடவிட்டுக் கை படாமல் தள்ளி நின்று, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் லேசாகப் புகைபோல நீர் அடித்தார். இரண்டாம் சிலிண்டர் ஒயரின் நடுவிலிருந்து நீல வெளிச்சம் ஒன்று நூல்போல நெளிந்து வால்வு மூடியின் மேல் இறங்கியது. டிக் டிக் என்று சத்தம் வேறு. "பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் பாதி வழியிலேயே இறங்கிடுதுங்க. நீங்க எத்தனை பிளக் போட்டாலும் இது நிக்காது" என்றார். என்ஜினை அணைத்து, அந்த ஒயரைக் கழற்றி மின்தடை அளக்கும் மீட்டரில் பிடித்தார். மற்றவை நிலையான எண் காட்டின. இது வளைக்க வளைக்க எண் தாவியது, ஒரு வளைவில் எண்ணே இல்லை. ரப்பரைக் கிள்ளிப் பார்த்தேன். காய்ந்த வேப்பங்குச்சி மாதிரி வெடித்திருந்தது.

அன்றைக்குப் புரிந்தது. 'பிளக்' என்ற ஒரே சொல் பட்டறையில் நாலைந்து பொருளுக்கு ஓடுகிறது. தீப்பொறி போடுவதும் பிளக், ஆயில் இறக்கக் கழற்றுவதும் பிளக், ஒயரிங் முனையும் பிளக், டீசல் வண்டியில் சூடேற்றுவதும் பிளக். கலைச்சொல் ஆக்கும் நாமும் எல்லாவற்றுக்கும் 'செருகி' என்றே போட்டால் அந்தக் குழப்பத்தைத் தமிழில் நகலெடுத்தவர்கள் ஆவோம்.

கை செய்கிற வேலையைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கை யாரும் செருகுவதில்லை. அதற்கு மரை உண்டு. பானா போட்டுத் திருகித்தான் ஏற்ற வேண்டும், திருகித்தான் எடுக்க வேண்டும். ஆயில் இறக்குகிற பிளக்கும் அப்படியே, டீசலின் குளோ பிளக்கும் அப்படியே. செருகுவது ஒயரிங் முனையையும், ஸ்பார்க் பிளக் ஒயரின் முனையில் இருக்கிற ரப்பர் தொப்பியையும்தான். ஆகவே திருகுவதற்குத் 'திருகி', செருகுவதற்குச் 'செருகி' என்று பிரித்துவிட்டால் போதும். பொறித்திருகி, கனல்திருகி, வடிதிருகி என்று மூன்றும் ஒரு குடும்பமாக நிற்கும். தொப்பி 'செருகுதொப்பி' ஆகும். மாணவன் சொல்லைக் கேட்டதும் கை எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

'திருகி' என்றால் தேங்காய்த் திருகி நினைவுக்கு வராதா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். வரும். அடுப்படியிலும் அது திருகுகிற வேலைதான். முன்னொட்டு இருக்கும்வரை யாரும் தடுமாற மாட்டார்கள். 'பொறி' என்பதும் இயந்திரம், எலிப்பொறி, ஐம்பொறி என்று பல பக்கம் இழுக்கும் சொல். அதனால் முதல் தடவை 'தீப்பொறித் திருகி' என்று முழுதாகச் சொல்லிவிட்டு, பிறகு 'பொறித்திருகி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது ஓசூர் தம்பியின் யோசனை.

> ஐயா, 'ஞெலிகோல்' என்று வைத்தால் என்ன? தகடூர் மண்ணின் சொல்.

தம்பி, இதைப் படித்ததும் எழுந்து நடந்துவிட்டேன், அவ்வளவு பிடித்தது. தகடூரை (நம் தருமபுரியின் பழைய பெயர்) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்று 315ஆம் பாட்டில் வருகிறது, 'இல்லிறைச் செரீஇய ஞெலிகோல்' என்று. வீட்டுக் கூரையின் விளிம்பான இறப்பில் செருகி வைத்த தீக்கடைகோல். சும்மா கிடக்கும்போது இருப்பதே தெரியாது. வேண்டும்போது பெருந்தீயைக் கக்கும். பேனட்டுக்குள் ஒளிந்திருக்கிற இந்தச் சின்னப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. ஆனால் ஞெலிகோல் உராய்ந்து தீ தருவது. இங்கே உராய்வு கிடையாது. இரண்டு முனைக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி, அதில் பல்லாயிரம் வோல்ட் தாவுகிறது. செயல் வேறாகிவிட்டதால் சொல்லை ஏற்க மனம் வரவில்லை. அந்தப் பாட்டில் இன்னொன்றும் கவனித்தேன். 'செரீஇய' என்றால் செருகிய. இறப்பில் வைத்தது, கையால் உருவி எடுக்கக்கூடியது. ஔவையார் காலத்திலிருந்தே செருகுவது என்றால் அதுதான். மரையில் இறுக்கியதைச் செருகி என்று சொல்லத் தயங்க அதுவும் ஒரு காரணம். ஞெலிகோலைக் குறிப்பேட்டின் அட்டையில் ஓவியமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இனி ஒயர். சேலத்து ஆசிரியை அம்மா 'உயரழுத்தக் கம்பி' என்று எழுதியிருந்தார்கள். அம்மா, இதில் எனக்கு இரண்டு தயக்கம். உயரழுத்தக் கம்பி என்றால் நம் ஊரில் வயல்மேல் போகிற மின்வாரியக் கம்பிதான் கண்முன் வரும். இரண்டாவது, இந்த ஒயரில் பெரும்பாலும் கம்பியே இல்லை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் கரி ஏற்றிய நார்தான் நடுவில் இருக்கும். வேண்டுமென்றே தடை வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பொறிக்கும் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் வரும். அந்தத் தடை பொதுவாக ஒரு மீட்டருக்குப் பத்து, இருபது கிலோ ஓம் என்ற அளவில் இருக்கும். நார் கருகினால் தடை ஏறும், அறுந்தால் தடைக்கு முடிவே இல்லை. நார் திரித்து மேலே உறை போட்டதை நாம் வடம் என்போம். ஆகவே 'பொறிவடம்'.

இரண்டையும் வேறு வேறு சொல்லால் குறிக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம், இரண்டும் வேறு வேறு விதமாகத் தேய்கின்றன. பொறித்திருகி ஓடிய கிலோமீட்டரால் தேயும். ஒவ்வொரு பொறிக்கும் முனையில் துளி துளியாக உலோகம் அரிக்கும், முனை மழுங்கும், இடைவெளி அகலும். சாதாரண நிக்கல் முனை என்றால் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது நல்லது. பழைய கார்புரேட்டர் வண்டியில் 10,000க்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். இரிடியம், பிளாட்டினம் முனை இன்னும் பல மடங்கு தாங்கும். வடம் அப்படியில்லை. அது வயதாலும் சூட்டாலும் கெடுகிறது. வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லி இருபது வருடத்து வடத்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். ஓடிய கிலோமீட்டர் கணக்கு வடத்துக்குச் செல்லாது. ரப்பர் இறுகினால், வெடித்தால், ஆயில் ஊறிப் பிசுபிசுத்தால், தடை அளவு மீறினால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது செட்டாக மாற்ற வேண்டும். வோல்ட்டை உயர்த்தும் காயிலிலிருந்து, அதைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடுவடத்தையும் சேர்த்து.

ஆனாலும் ஒன்று கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். திருகியின் இடைவெளி அகன்றால் தாவுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது இன்னும் அதிகம் வேண்டும். அவ்வளவு வோல்ட்டில் மின்சாரம் சுலபமான வழி தேடும். வடத்தில் மெல்லிய வெடிப்பு இருந்தால் அது வழியே இறங்கிவிடும். பொறி வராத சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் திருகியை நனைக்கும், கரி படியும். தொப்பூர் ஏற்றத்தில் என் வண்டிக்கு நடந்தது இதுதான். நனைந்து கறுத்த பிளக்கைப் பார்த்துப் பிளக்கை மாற்றினார்கள். கறுக்க வைத்தது வடம்.

'மிஸ் அடிக்குது' என்பதற்கு 'எரிதப்பு' என்று கோவை நண்பர் சொன்னது எனக்குச் சம்மதம். அதில் பேச ஒன்றுமில்லை.

குறிப்பேட்டில் இந்தச் சொற்களைப் போட்டு எழுதிய பத்தி ஒன்றைக் கீழே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்கே நாக்கு தட்டுகிறது என்று சொல்லுங்கள்.

"என்ஜின் ஆறிய பிறகே பொறித்திருகியைக் கழற்றவும், அலுமினியத் தலையில் சூட்டோடு திருகினால் மரை கிழியும். பொறிவடத்தைப் பிடித்து இழுக்காமல் செருகுதொப்பியைப் பிடித்து லேசாக முறுக்கி உருவவும். ஒரு வடத்தை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடவும்; வரிசை மாறினால் வண்டி ஓடாது. திருகியைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுக் கழற்றவும். பீங்கான் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். ஆயில் ஈரம் என்றால் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்கவும். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகைச்சூடு. புதிய திருகியின் முனை இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி கேஜ் வைத்துப் பார்த்து, முதலில் கையாலேயே மரை ஏற்றவும். வாஷர் படிந்த பிறகு பானாவால் அரைச் சுற்று இறுக்கினால் போதும்."

அன்புடன்,
தருமபுரியிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

திருகி, செருகி பிரிவை ஒப்புக்கொள்கிறேன். 'தீப்பொறிச் செருகி'யை விட்டுவிடுகிறேன். வடத்தில் மட்டும் ஒரு ஐயம். பைக்குகளில் பெரும்பாலும் ஒயருக்குள் செப்புக் கம்பிதான் இருக்கிறது, தடை தொப்பிக்குள் இருக்கிறது. எங்கள் பகுதியில் பயிற்சிக்கு வருகிற பையன்கள் முதலில் கைவைப்பது பைக்கில்தான். கம்பி இருக்கிற இடத்தில் 'வடம்' பொருந்துமா?

கிருஷ்ணகிரியிலிருந்து

---

நண்பருக்கு,

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நாரை வைத்து மட்டும் நான் வாதாடியது அரைகுறைதான். ஆனால் இரும்பில் முறுக்கியதையும் நாம் வடம் என்றுதான் சொல்கிறோம், இரும்பு வடம். தேர் இழுக்கிற சங்கிலியையும் வடம் என்கிறோம். உள்ளே எதுவானாலும் சொல் தாங்கும். காரில் 'நார்வடம்', பைக்கில் 'கம்பிவடம்' என்று அடைமொழி சேர்த்தால் மீட்டர் எதைக் காட்ட வேண்டும் என்பதும் தெளிவாகும்: நார்வடத்தில் பல கிலோ ஓம், கம்பிவடத்தில் ஏறக்குறைய சுழி. தொப்பியைத் தனியே கழற்றி அளக்க வேண்டும் என்று பைக்குக்குத் தனிப் பத்தி சேர்த்துவிடுகிறேன். பட்டறையில் பையன்கள் அந்தத் தொப்பியை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். 'கேப்' தவிர வேறு சொல் அவர்கள் வாயில் இருந்தால் 'செருகுதொப்பி'யை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைவரை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

தருமபுரியிலிருந்து