அணியில் யாராவது உங்களிடம் "நான் கே" (தன்பாலினத்தவரை விரும்புபவர்) என்று சொன்னதுண்டா? நீங்கள் சொன்னதுண்டா?

லெஃப்ட் ஹாஃப், கோலாலம்பூர்

ரொம்ப வருஷமா மனசுல கிடக்குது. எங்கயாவது இறக்கி வைக்கணும்னு தான் எழுதுறேன்.

2016 ஆகஸ்டு, ரியோ ஒலிம்பிக். மாநில ஹாக்கி டீமுக்கு ஹாஸ்டல்ல தங்கியிருந்தோம். பேட்மிண்டன் அரையிறுதியில நம்ம லீ சோங் வெய் சீனாவோட லின் டானை மூணாவது செட்டுல 22-20ன்னு ஜெயிச்ச ராத்திரி. யாருக்கும் மறந்திருக்காது. ஹாஸ்டலே ஆடித் தீர்த்துட்டுப் படுத்துருச்சு. நானும் என் ரூம்மேட்டும் மட்டும் விடிகாலை நாலு மணிக்கு போன்ல பெண்கள் ஹாக்கி ஃபைனல் பார்த்தோம். பிரிட்டனும் நெதர்லாந்தும். 3-3ல முடிஞ்சு ஷூட் அவுட்டுக்குப் போச்சு.

பார்த்துக்கிட்டே அவன் என் ஸ்டிக்குக்குப் புது கிரிப் சுத்திக்கிட்டிருந்தான். எங்க டீம்ல அவன் சுத்தினாத்தான் கிரிப் நிக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் கட்டை விரலால அழுத்தி, ஒரு மடிப்பு விழாம சுத்துவான்.

பிரிட்டனுக்கு ஹெலன் ரிச்சர்ட்சன்-வால்ஷ் பெனால்டி ஸ்ட்ரோக்கைப் போட்டாங்க. கேப்டன் கேட் அவங்களோட மனைவி, 2013லயே ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிருச்சு. எனக்கு அதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. பிரிட்டன் ஜெயிச்சதும் சொன்னான்: "அவங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டவங்கடா." "அப்படியா"ன்னேன். அவன் கை நின்னுருச்சு. நிமிராமலே, "நானும் அந்த மாதிரிதான் மச்சான். உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்"ன்னான்.

நான் சொன்னது இதுதான்: "தூங்குடா, காலையில ஜிம் இருக்கு." எழுந்து லைட்டை அணைச்சேன். இருட்டுல அவன் ஸ்டிக்கைச் சுவத்துல சாய்ச்ச சத்தம் கேட்டுச்சு.

காலையில பார்த்தா கிரிப் பாதியில நிக்குது. மிச்சத்தை நானே சுத்திக்கிட்டேன். அடுத்த வாரம் ரூம் மாறிருச்சு. வருஷக் கடைசியில அவன் டீமை விட்டே போயிட்டான். முட்டியில அடின்னு சொன்னாங்க. அவன் முட்டிக்கு ஒண்ணுமே இல்ல.

தண்ணீர்மலை 400, பினாங்கு

நான் கேட்டவ இல்ல, சொன்னவ. பொண்ணு. 400 மீட்டர், மாநில அளவுல ஓடினவ.

சனிக்கிழமை காலையில எங்க மாஸ்டர் தண்ணீர்மலை முருகன் கோயில் படியிலதான் ஓட விடுவார். 513 படி. அவர் கீழே ஸ்டாப் வாட்ச்சோட நிப்பார். ரிட்டயரான வாத்தியார், அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். இந்திய ஓட்டக்காரி டூட்டி சந்த்னா அவருக்கு உசுரு. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல 100லயும் 200லயும் வெள்ளி வாங்கினப்போ, "அந்தப் பிள்ளை கையை வீசுறதைப் பாரு"ன்னு எங்களை உக்கார வெச்சு வீடியோ காட்டினவர். 2019 மே மாசம், தன் ஊர்ப் பொண்ணு ஒருத்தியைத்தான் விரும்புறேன்னு டூட்டி வெளியில சொன்னாங்க. சொந்தக் குடும்பமே எதிர்த்துச்சு. அந்த வாரம் மாஸ்டர் டூட்டி பேரையே எடுக்கல. அந்த மௌனத்தை என்னால தாங்க முடியல.

மூணாவது தடவை ஏறி இறங்கி வந்தேன். தொடை நடுங்குது. "மாஸ்டர், நானும் டூட்டி மாதிரிதான்"னேன். அவர் கையில இருந்த வாட்ச் ஓடிக்கிட்டே இருந்துச்சு, நிறுத்தல. நான் அந்த நம்பரையே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் சொன்னார்: "மூச்சு வாங்குது உனக்கு. ரெண்டு நிமிஷம் நில்லு. இன்னும் ரெண்டு இருக்கு."

நின்னேன். ரெண்டையும் ஏறினேன். அதுக்கப்புறம் அவர் அதைப் பத்திப் பேசவே இல்ல. 2022ல இறந்துட்டார். ஏத்துக்கிட்டாரா, இல்ல காதுலயே வாங்கிக்கலையா? இன்னைக்கும் எனக்கு விடை இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். தீபாவளிக்குப் போனா வருஷா வருஷம் "எப்போ கல்யாணச் சாப்பாடு போடப்போற"ன்னு கேப்பார். அந்த வருஷத்துல இருந்து கேக்கல.

அண்ணா, நீங்க "ஜிம் இருக்கு"ன்னு சொன்னதும் அவர் "ரெண்டு இருக்கு"ன்னு சொன்னதும் கேக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கு. எனக்கு அது பிடிச்சு ஏறக் கிடைச்ச கயிறு. உங்க நண்பருக்கு எப்படி இருந்துச்சோ.

ஸ்குவாஷ் பையனின் அப்பா

நான் யாரையும் புண்படுத்த வரவில்லை. ஆனால் அந்தத் தம்பி சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து. நம் மலேசியாவில் 'இயற்கைக்கு மாறான' உடலுறவைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டம் 377ஏ, 377பி அப்படியேதான் இருக்கின்றன. 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் சொல்லலாம், பதக்கமும் வாங்கலாம். நம் பிள்ளையை டீமிலிருந்து எடுத்துவிட்டால் யாரிடம் போய் நிற்பது? அலவன்ஸ் நின்றால் பெற்றவன்தான் கடன் வாங்க வேண்டும். காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை எழுப்பி ஸ்குவாஷ் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறவனுக்குத்தான் அது தெரியும்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். போன வருடம் புக்கிட் ஜாலிலிலிருந்து திரும்பும்போது என் மகன் காரில் ஒரு வீடியோவைக் காட்டினான். டாட் ஹாரிட்டி என்ற அமெரிக்க ஸ்குவாஷ் வீரர். 2018லேயே தான் கே என்று வெளிப்படையாகச் சொன்னவராம். "அப்பா, இவர் ஆடி நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றான். "ரேங்கிங் எவ்வளவு?" என்று கேட்டேன். எண்ணைச் சொன்னான். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். வீடு வரும்வரை பேசவில்லை. நானும் பேசவில்லை. எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசித்தான் ஆகவேண்டும் என்று இல்லை.

செந்தூல் ஸ்ட்ரைக்கர்

ஐயா, இங்கிலாந்துக்காரன் சொல்லலாம்னு லேசா சொல்லிட்டீங்க. இங்கிலாந்து ஃபுட்பால் பிளேயர் ஜஸ்டின் ஃபஷானு 1981ல பத்து லட்சம் பவுண்டுக்கு விலை போன ஆளு. 1990ல வெளியில சொன்னாரு. சொந்தத் தம்பி, அவரும் ஃபுட்பால் பிளேயர்தான், பகிரங்கமா ஒதுக்கி வெச்சாரு. 1998ல ஜஸ்டின் உயிரை மாய்ச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் அங்க ஆடிக்கிட்டிருக்கிற இன்னொரு ஆம்பள பிளேயர் சொல்றதுக்கு 2022 ஆச்சு. பிளாக்பூல் டீம்ல ஜேக் டேனியல்ஸ், 17 வயசுப் பையன். முப்பது வருஷத்துக்கு மேல ஒருத்தரும் வாயைத் திறக்கல. அங்கயும் சும்மா கிடைக்கல ஐயா.

என் கதை சின்னது. மேட்ச் தோத்துட்டு வந்தோம். ரெஃப்ரியை, எதிர் டீம் கீப்பரை, எல்லாரையும் நம்ம பசங்க "பொண்டான், பொண்டான்"னு (கே ஆளுங்களை இழிவா சொல்ற மலாய் வார்த்தை) கத்திக்கிட்டிருந்தாங்க. நானும் கத்தினேன். எங்க சென்டர் பேக் திடல் ஓரத்துக் குழாயில பூட்ஸ் கழுவிக்கிட்டிருந்தான். சேறு எல்லாம் எப்பவோ போயிருச்சு. தண்ணி தெளிவா ஓடுது. அவன் கழுவிக்கிட்டே இருந்தான், திரும்பவே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். இப்போ நான் சின்னப் பசங்களுக்குக் கோச். அந்த வார்த்தையை எவனாவது சொன்னா விசிலை ஊதிடுவேன். ஏன்னு கேட்டா அந்தக் குழாய்தான் கண்ணுக்கு முன்னாடி வருது.

பிசியோ, பங்சார்

என்னிடம் ஒரு ரக்பி பையன் சொன்னான். தோள் காயத்துக்காக மேசையில் குப்புறப் படுத்திருந்தான், முகம் அந்த ஓட்டைக்குள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என் கைக்குக் கீழே அவன் தோள் கல்லாக இறுகியது. "சரி தம்பி" என்றேன். கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் இளகியது. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் இதைப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். முதலில் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். டீம் தேர்வு நடக்கும் மாதத்தில் வேண்டாம். சுக்மாவுக்கு (மாநிலங்களுக்கு இடையிலான மலேசிய விளையாட்டுப் போட்டி) முந்தின வாரம் வேண்டவே வேண்டாம். தோற்ற ஆத்திரத்திலும் ஜெயித்த வெறியிலும் சொல்லாதீர்கள், இரண்டிலும் எதிராளி சொல்வது உண்மையான பதிலாக இருக்காது. வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் ஒரு முறை போனால் திரும்பாது. சொல்லப்போகும் ஆள் மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் அவிழ்ப்பவரா என்று பாருங்கள். அவிழ்ப்பவர் என்றால் உங்களுடையதும் அவிழும்.

கேரத் தாமஸ் வேல்ஸ் ரக்பி கேப்டனாக இருந்தவர், நாட்டுக்காக 100 ஆட்டம் ஆடியவர். 2006ல் உடை மாற்றும் அறையில் உடைந்து அழுதபோது, ரக்பி வட்டத்தில் ஒரு கோச்சிடம்தான் முதலில் சொன்னார். கோச் இரண்டு சக வீரர்களிடம் மட்டும் சொன்னார், இவரைத் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்று. பத்திரிகைக்குப் போனது 2009 டிசம்பரில். நடுவில் மூன்று வருடம் இருக்கிறது. எல்லாரும் அந்தக் கடைசி நாளைத்தான் பேசுகிறார்கள். நான் அந்த மூன்று வருடத்தைப் பாருங்கள் என்கிறேன்.

கேட்கிறவர்களுக்கும் ஒன்று. "நிச்சயமா?" என்று கேட்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். அடுத்த நாள் பயிற்சியில் எப்போதும் நிற்கும் இடத்திலேயே நில்லுங்கள். நீங்கள் ஓரடி தள்ளி நின்றால் அவர்களுக்குத் தெரியும்.

ஸ்குவாஷ் அப்பாவுக்கு: தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவுகள் செயலைத்தான் தண்டிக்கின்றன. மகன் அப்பாவிடம் பேசுவதை அல்ல. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் பிள்ளை இருக்கிறது. ஆனால் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் காருக்குள் மௌனத்தை வைக்காதீர்கள்.

லெஃப்ட் ஹாஃப், உங்களிடம் ஒரு கேள்வி. "ரூம் மாறிருச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். ரூம் தானாக மாறாது. யார் கேட்டு மாறியது?

தண்ணீர்மலை 400, பினாங்கு

பிசியோ அண்ணே, ஆலோசனை யாரும் கேக்கல. அதுவும் "தேர்வு மாசத்துல வேண்டாம்"னா எங்களுக்கு எந்த மாசம் தேர்வு இல்ல? நான் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறப்போ தான் சொன்னேன். அப்போ விட்டிருந்தா சொல்லியே இருக்கமாட்டேன். ஆனா கையை எடுக்கலைன்னு எழுதினீங்க பாருங்க, அந்த வரியை நாலு தடவை படிச்சேன்.

ஸ்குவாஷ் அப்பா, அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க. இந்தத் தடவை ரேங்கிங் கேக்காதீங்க.

ஸ்குவாஷ் பையனின் அப்பா

அவன் இப்போது ஹாஸ்டலில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூட்டிவரப் போகிறேன்.

லெஃப்ட் ஹாஃப், கோலாலம்பூர்

பிசியோ கேட்டதை ரெண்டு நாளா பார்த்துக்கிட்டே இருந்தேன். முதல் தடவை எழுதினப்பவே எழுதியிருக்கணும்.

நான்தான் கேட்டேன். வார்டன்கிட்டப் போய், ஃபேன் சத்தத்துல தூக்கம் வரலைன்னு சொன்னேன். நான் பையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தப்போ அவன் கட்டில்ல உக்கார்ந்திருந்தான். நிமிர்ந்து மேல அந்த ஃபேனைப் பார்த்தான். அது சத்தமே இல்லாம சுத்திக்கிட்டிருந்துச்சு.